காவலுக்கு நாய் இருந்தும் ஆடு போகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

குமரி மாவட்டத்தில் ஆடு, கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே எதிரி கிடையாது. பேச்சிப்பாறை, கடையால், பத்துகாணி பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வீடு என்றால் சிறுத்தையைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். 2023-இல் சிற்றாறு ரப்பர் தோட்டப் பகுதியில் ஆடு மாடுகளை அடித்துக்கொண்டிருந்த புலியை வனத்துறை பிடித்துக் கொண்டுபோனது பலருக்கு நினைவிருக்கும். நாகர்கோவிலைச் சுற்றியும் கடற்கரை ஊர்களிலும் தெருநாய்தான் பெரிய தொல்லை. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்து வறண்ட நிலத்தில் நரியும் சேர்ந்துகொள்ளும். தென்னையும் மரச்சீனியுமாக (மரவள்ளி) இருக்கிற விளைகளில் (தோட்ட நிலங்களில்) ஆட்டை விடக் கோழிக்குத்தான் ஆபத்து அதிகம்: மரநாய், கீரி, உடும்பு.

ஓர் இடத்தில் நன்றாகக் காவல் காக்கிற நாய் இன்னோர் இடத்தில் சிறுத்தைக்கு இரையாகும். அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துமோ அந்தப் பகுதிக்குப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: வந்தது யார்?

காலையில் செத்துக் கிடக்கிற ஆட்டை அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் தொண்டைப் பக்கத்து ரோமத்தை விரலால் விலக்கிப் பாருங்கள் (கையுறை இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள்). ரோமம் மூடிக்கொண்டால் பல் பதிந்த ஓட்டை வெளியே தெரியாது. தொண்டையில் மட்டும் ஆழமான சில ஓட்டைகள், மற்ற இடத்தில் பெரிய காயமில்லை, உடலை இழுத்துப்போன தடம் இருக்கிறது என்றால் சிறுத்தையாக இருக்கலாம். பின்தொடை, வால் அடி, விலா, காது என்று கண்ட இடமெல்லாம் கிழிந்து, நாலைந்து ஆடு கடிபட்டு, எதையும் ஒழுங்காகத் தின்னாமல் போயிருந்தால் அது நாய் வேலை. தெருநாய்க் கூட்டம் பசிக்காகக் கடிப்பதை விட, ஆடு ஓடுகிறதே என்று துரத்திக் கடிப்பதுதான் அதிகம். நரி பெரும்பாலும் சின்னக் குட்டியைத்தான் பார்க்கும். கிடைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று. ஆடு நோயில் செத்த பிறகு நாய் வந்து தின்றிருக்கலாம். கடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிச் சிவந்து கறுத்திருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. சதை வெளிறி, ரத்தக்கட்டே இல்லையென்றால் செத்த பிறகு கடித்தது. அப்படியானால் காவலில் குறையில்லை. மற்ற ஆடுகளுக்கு மருத்துவர்தான் தேவை.

ஆட்டைக் காணவே இல்லையென்றால், கூட்டைச் சுற்றி ஈர மணலோ சலித்த சாம்பலோ ஒரு முழ அகலத்துக்குத் தூவிவிட்டுக் காலையில் பாருங்கள். நாய், நரி தடத்தில் நகம் பதிந்திருக்கும். சிறுத்தை, காட்டுப்பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் நகத்தடம் இருக்காது.

கோழிக்கு இப்படி: இரவில் கூரை வழியாக இறங்கித் தலை, கழுத்தைத் தின்றுவிட்டு உடலைப் போட்டுப்போவது பெரும்பாலும் மரநாய். பட்டப்பகலில் அதே வேலையைச் செய்வது கீரி. முட்டை மட்டும் போனால் உடும்பு, பாம்பு, காக்கை. இறகுகூடச் சிந்தாமல் கோழி குறைந்து, கூட்டு மூலையில் வயிறு புடைத்து ஒன்று சுருண்டு கிடந்தால் மலைப்பாம்பு. அடிக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். விழுங்கியது வயிற்றுக்குள் இருக்கும்வரை அது எங்கும் வேகமாகப் போகப்போவதில்லை.

நாய் இருக்கிறது. ஆனாலும் இரவில் ஆடு போகிறது. குரைப்புச் சத்தமே கேட்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கைப் போடாமல் போய், நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள். பத்தில் எட்டு வீட்டில் அது அடுக்களை வாசலில்தான் கிடக்கும். ஏனென்றால் சோறும் மீன் தலையும் அங்கேதான் கிடைக்கிறது. சோறு வரும் இடத்தைத்தான் நாய் தன் இடம் என்று காக்கும். ஆட்டுக்கூடு விளையின் அந்தக் கோடியில் இருந்தால் அதற்கும் நாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, என்ன செய்வது? சோறு, தண்ணீர், படுக்கை மூன்றையும் ஆட்டுக்கூட்டுப் பக்கம் மாற்றுங்கள். மழையில் நனையாமல் படுக்க ஒரு சாய்ப்பு வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டுகிற ஊர் இது. நனைகிற இடத்தில் எந்த நாயும் தங்காது. நாயின் சோற்றை ஆடு தின்றுவிடாதபடி தடுப்பு வையுங்கள். அரிசிச் சோற்றை அளவில்லாமல் தின்னும் ஆட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் அடுக்களையிலிருந்து எறிந்து பழகியதை நிறுத்துவதுதான் இதில் கஷ்டமான பகுதி. குறிப்பாக வீட்டில் பாட்டி இருந்தால்!

சங்கிலியில் கட்டிய நாய் சங்கிலி நீளத்துக்கு மட்டுமே காவல். இரவில் ஆட்டுப் பட்டிக்குள் அவிழ்த்து விடுங்கள். வெளியேயும் போய்வர வேண்டுமென்றால் நாய் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டால் போதும்.

இதையெல்லாம் செய்தும் நாய் திரும்பத் திரும்ப வீட்டு வாசலுக்கே வருகிறதா? அது மனிதர்களோடு வளர்ந்த நாய். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று நான்கு மாதம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் தன் கூட்டம் என்று நினைக்கும். அதன் பிறகு மாற்றுவது கஷ்டம். அதைக் குரைக்கிற நாயாக மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் குட்டி ஒன்றை ஏழெட்டு வாரத்திலேயே ஆட்டுக்கூட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். சாந்தமான இரண்டு மூன்று பெட்டை ஆடுகளோடு, முட்டுப்பட்டால் ஒதுங்க ஒரு மூலையும் வைத்து வளர்க்க வேண்டும். கொஞ்சலாம், தடவலாம், ஆனால் ஆட்டுக்கு நடுவில் வைத்தே செய்யுங்கள். ஆப்பிரிக்காவின் நமீபியாவில் சிவிங்கிப்புலியிடமிருந்து ஆட்டைக் காக்க 1994 முதல் துருக்கி வகை மேய்ச்சல் காவல் நாய்க் குட்டிகளை விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறார்கள். அங்கேயும் குட்டிப்பருவத்திலேயே மந்தையோடு சேர்ப்பதுதான் முறை.

எந்த இனம் என்று கேட்பவர்களுக்கு: சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிக்க உருவான நாய்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. துள்ளி ஓடுகிற ஆட்டுக்குட்டி நடுவே அது சரிப்படாது. ராஜபாளையமும் பன்றி வேட்டைக்குப் போன நாய்தான். வீட்டுக் காவலுக்கு நல்லது, மந்தைக்குள் விடுவதற்கு யோசிக்க வேண்டும். அடர்ந்த ரோமமுள்ள மலைநாட்டு நாய்களை இந்தப் புழுக்கத்தில் வளர்ப்பது பாவம். ஆடு வளர்க்கும் வீட்டில், ஆட்டோடு திரியும் தாய்க்குப் பிறந்த நாட்டு நாய்க்குட்டிதான் என் தேர்வு. காசும் மிச்சம்.

நாயே ஆட்டுக்குட்டியைத் துரத்துகிறது, காதைக் கடிக்கிறது

நாயின் வயது என்ன? ஐந்து மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் நடுவில் என்றால் பதற வேண்டாம். உடம்பு வளர்ந்துவிட்டது, புத்தி இன்னும் வரவில்லை. மந்தைக்காவல் நாய் முழுப் பொறுப்புக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவரை அது வேலையில் சேர்ந்த காவலாளி இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை.

விளையாட்டா வேட்டையா என்று ஓரமாக நின்று கவனியுங்கள். முன்காலைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஆட்டி, துள்ளித் துள்ளிப் போனால் விளையாட்டு. தலையைத் தாழ்த்தி, கண்ணை ஒரே குட்டி மேல் குத்தி, சத்தமில்லாமல் பதுங்கிப் பதுங்கிப் போனால் அது வேட்டை. இரண்டாவது வகை நாயை மந்தையிலிருந்து எடுத்துவிடுங்கள். திருத்திப் பார்க்கலாம் என்று குட்டிகளைப் பணயம் வைக்க வேண்டாம்.

விளையாட்டுதான் என்றால், குட்டிகளிடமிருந்து பிரித்து, கொம்புள்ள பெரிய ஆடுகளோடு விடுங்கள். இரண்டு முட்டு வாங்கினால் மரியாதை தானாக வரும். மேயும்போது துரத்துகிற நாய்க்குக் கழுத்துப்பட்டையிலிருந்து ஒரு முழ நீளக் கட்டையைக் குறுக்குவாக்கில், முன்னங்கால் முட்டிக்கு மேலே தட்டும் உயரத்தில் தொங்கவிடலாம். நடந்தால் ஒன்றும் செய்யாது. ஓடினால் காலில் இடிக்கும். இது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வேலியில் மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகும். கடிக்கப் போகும் அந்த நொடியில் அதட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்றே அதற்குப் புரியாது, உங்களைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும்.

ஆடு ஈனும் நேரம் தனிக் கவனம். முதல் ஓரிரண்டு ஈற்றின்போது கூடவே இருங்கள். நாய் குட்டியை நக்கினால் விடலாம், ஆனால் தாய் ஆடு முட்டி விரட்டினால் நாய் விலகிப்போக வழியிருக்க வேண்டும். நஞ்சுக்கொடியை நாய் தின்ன விடாமல் உடனே ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

பகலில், கட்டிப்போட்ட ஆட்டைத் தெருநாய் கடித்தது

நம்மூரில் முக்கால்வாசி ஆடு கயிற்றில்தான் மேய்கிறது. கயிற்றில் இருக்கும் ஆட்டுக்கு ஓடவும் வழியில்லை, கூட்டமாகச் சேரவும் வழியில்லை. நாயைக் கூடவே விட்டால் பாதித் தொல்லை குறையும். ஆனால் ஒற்றை நாய் ஐந்தாறு தெருநாய்க்கு ஈடு கொடுக்காது. இரண்டு நாய் வைக்கலாம், ஒரே ஈற்றுக் குட்டிகளாக வேண்டாம். ஒன்றோடொன்று விளையாடிக்கொண்டு ஆட்டை மறந்துவிடும். முதல் நாய் பக்குவப்பட்ட பிறகு இரண்டாவதைச் சேர்த்தால் பெரியது சின்னதைப் பழக்கிவிடும்.

நம் நாயே தெருநாயோடு சேர்ந்து சுற்றினால் கருத்தடைதான் மருந்து. ஆணோ பெண்ணோ, செய்துவிடுங்கள். காவல் புத்தி அதனால் குறையாது. செய்யாத பெட்டை நாய் ஒன்று பருவத்துக்கு வந்தால் போதும், ஊரிலுள்ள நாயெல்லாம் உங்கள் ஆட்டுக்கூட்டு வாசலில்தான் நிற்கும்.

அறுவடை முடிந்த நாஞ்சில்நாட்டு வயல்களில் கிடை போடுபவர்களுக்கு (உரத்துக்காக ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைப்பவர்களுக்கு) இது புதிதில்லை. அவர்கள் நாயை மட்டும் நம்புவதில்லை. பட்டியும் ஆளும் சேர்ந்துதான் காவல்.

ராத்திரி முழுக்கக் குரைக்கிறது, பக்கத்து வீட்டில் சண்டை

குரைப்பதுதான் அதன் வேலை. முழுவதும் நிறுத்த நினைத்தால் நாய் வளர்க்காமலே இருக்கலாம். ஆனால் தேவையில்லாத குரைப்பைக் குறைக்கலாம். ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடப்பார்கள். பழகாத நாய்க்கு அது பேய் மாதிரி தெரியும். அவர்களைப் பகலில் நாலு நாள் கூட்டி வந்து, அவர்கள் கையால் ஏதாவது போடச் சொல்லுங்கள். ஆட்டுக்கூட்டிலிருந்து சாலை தெரிந்தால் அந்தப் பக்கத்தை ஓலையாலோ தகரத்தாலோ மறைத்துவிடுங்கள். இதற்கு மேல் பக்கத்து வீட்டுக்கு அவ்வப்போது கொஞ்சம் ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கள்.

நாயையே காணவில்லை (மலையோரத்தில் இருப்பவர்கள்)

இது வேறு கதை. ஊரோரம் வரும் சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. ஆட்டுக்குக் காவல் என்று கூட்டுக்கு வெளியே நாயைக் கட்டிப்போட்டால், நீங்களே தூண்டில் போட்டு வைத்த மாதிரிதான். கட்டிய நாய்க்குத் தப்ப வழியில்லை.

கீரிப்பாறை, பேச்சிப்பாறை, பத்துகாணி போல் காட்டை ஒட்டிய இடங்களில் என் யோசனை இதுதான்: இருட்டியதும் நாயையும் ஆட்டையும் சேர்த்து, கூரையும் கதவும் உள்ள உறுதியான கூட்டுக்குள் அடைத்துவிடுங்கள். உள்ளிருந்து நாய் குரைத்தால் நீங்கள் எழுந்து விளக்குப் போடலாம், அது போதும். நாயைச் சிறுத்தையோடு மோதவிடும் எண்ணம் வேண்டாம். இமயமலை மேய்ப்பர்கள் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுவார்கள். கழுத்தில் கடி விழாமல் அது தடுக்கும், அவ்வளவுதான்.

தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகைக் கூட்டில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. பலகை இடைவெளி அகலமாகிவிட்டால் நாயும் நரியும் கீழே நின்றபடி ஆட்டின் காலைக் கடித்து இழுக்கும். புழுக்கை விழ ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் கம்பிவலை அடித்துவிடுங்கள். கூட்டைச் சுற்றிப் புதர் மண்டவிடாதீர்கள்.

விஷம், சுருக்குக் கண்ணி, கள்ள மின்வேலி பக்கம் போகவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது போக, விஷம் வைத்த இறைச்சியை முதலில் தின்பது உங்கள் நாயாகத்தான் இருக்கும்.

வாத்தும் கின்னிக்கோழியும் கத்துகின்றன, கோழி போய்க்கொண்டேதான் இருக்கிறது

கத்துவதோடு அவற்றின் வேலை முடிந்தது. பெரிய வாத்து ஆளைக் கொத்த வரும், கீரியைச் சில நேரம் விரட்டும்; மரநாய்க்கு முன்னால் அது இன்னொரு பறவைதான். சத்தம் கேட்டு எழுந்து வர ஆள் இருந்தால்தான் இவற்றால் பலன்.

கின்னிக்கோழி பருந்தையும் பாம்பையும் சட்டென்று கண்டுபிடிக்கும். அதன் குறை, பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறிக்கொள்வது. மரத்தில் இருக்கும் கின்னிக்கோழியை மரநாய் பழம் பறிப்பதுபோல் எடுத்துக்கொண்டு போகும். முட்டையை நாட்டுக்கோழிக்கு அடைவைத்தால் (26 முதல் 28 நாளில் பொரியும்) குஞ்சுகள் வளர்ப்புத் தாயின் பின்னால் கூட்டுக்கு வந்து பழகும். மழையிலும் பனியிலும் நனைந்தால் குஞ்சு தாங்காது. ஆனி, ஆடி, ஐப்பசி மாதங்களில் குஞ்சு பொரிக்க வைக்காமல் இருப்பது நல்லது.

கோழியை உண்மையில் காப்பாற்றுவது வலை. அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழிவலையை நாய் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டி வலை) போடுங்கள். கீழே ஓர் அடியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் மரநாயின் வாசல். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

கழுதை வாங்கலாமா?

கழுதைக்கு நாய், நரியைக் கண்டால் ஆகாது. கத்தும், துரத்தும், உதைக்கும். ஒன்றே ஒன்று வைக்க வேண்டும். இரண்டு இருந்தால் அவை தனியாக மேயப் போய்விடும். பெட்டையோ காயடித்ததோ நல்லது, காயடிக்காத ஆண் குட்டிகளை மிதித்துவிடும். ஆனால் கழுதை வறண்ட நிலத்து விலங்கு. ரோமத்தில் தண்ணீர் நிற்கும், ஈரத்தில் குளம்பு அழுகும். ஆரல்வாய்மொழி பக்கம் முயன்று பார்க்கலாம், குலசேகரம் பக்கம் வேண்டாம். மோனென்சின் என்ற மருந்து கலந்த கோழித்தீவனம், மாட்டுத்தீவனம் எதையும் கழுதை தொடக்கூடாது. அது கழுதைக்கு விஷம். சிறுத்தை இருக்கும் இடத்தில் கழுதையும் இரைதான்.

ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கம் சுற்றுகிறது

இதற்கும் காவல் நாய்க்கும் தொடர்பு இருக்கலாம். நாயின் குடலில் இருக்கும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை நாய்ச் சாணத்தோடு புல்லில் விழும். அதை மேயும் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகும். அந்த ஆட்டை அறுத்து, தலையை நாய்க்குப் பச்சையாகப் போட்டால் புழு திரும்ப நாய்க்கே போகும். பச்சைத் தலை, குடல், ஈரல் நாய்க்குப் போடுவதை நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் சேர்ந்த குடற்புழு மருந்து கொடுங்கள். சுற்றுகிற ஆட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். லிஸ்டீரியா கிருமியாலும் ஆடு இப்படிச் சுற்றும், அதற்கு வேறு மருந்து, அவசரமாகத் தொடங்க வேண்டும்.

கடி விழுந்துவிட்டது, இப்போது?

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கையுறை கட்டாயம். கழுவியதும் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகம். கடித்தது தெரியாத நாய் என்றால் ஆட்டுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி 0, 3, 7, 14, 28-ஆம் நாள்களில் போட வேண்டும். காயம் ஆறிவிட்டதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள். அந்த ஆட்டின் பாலைக் கறந்து குடிக்க வேண்டாம். சண்டை போட்ட உங்கள் நாய்க்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருடா வருடம்.

காட்டு விலங்கு அடித்த ஆடு என்றால் உடலை நகர்த்தாமல் படம் எடுத்துவிட்டு, உங்கள் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்: குலசேகரம், களியல், வேளிமலை, அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி, இதில் எது உங்கள் பகுதியோ அது. வனத்துறையினர் பார்வையிட்டு, கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனைச் சான்று கொடுத்தால்தான் நிவாரணம் நகரும். தெருநாய் கடித்துச் செத்த ஆடு, கோழிக்கும் நிவாரணம் தருவதாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்தது. அதற்கும் மருத்துவர் சான்று கேட்பார்கள், ஆகவே புதைக்கும் முன் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.